30 நிமிட வேக நடை: உடம்பு தன் சூட்டை எப்படித் தணிக்கிறது என்று நீங்களே பாருங்கள்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. கடிகாரமும், எடை பார்க்கும் கருவியும், ஒரு துண்டும் போதும். காய்ச்சலோ இதயக் கோளாறோ இருந்தால் வேண்டாம்.

படி 1. சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உடம்பின் உட்பகுதி சுமார் 37 டிகிரி செல்சியஸில் இருக்கும்.

படி 2. நடக்கத் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் அசைவாகிறது. மீதியெல்லாம் வெப்பம். முதல் சில நிமிடம் தோல் உலர்ந்தே இருக்கும். சூடு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

படி 3. கொஞ்ச நேரத்தில் புறங்கையைப் பாருங்கள். ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், காது மடல் சுடும். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் சூடு ஏறியதை உணர்ந்து, தோலின் ரத்தக்குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளிருக்கும் வெப்பத்தை ரத்தம் தோலுக்குச் சுமந்து வருகிறது.

படி 4. இதில்தான் அவசரப்படக் கூடாது. வியர்வை அரும்பியதும் ஒரு முன்கையை அப்படியே விடுங்கள். இன்னொன்றைத் துண்டால் துடைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டின் மீதும் வாயால் ஊதுங்கள். ஈரமான கையில்தான் சில்லென்று இருக்கும். வியர்வை வந்தால் உடம்பு குளிர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் குளிர்விப்பது அது ஆவியாவதுதான்! ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 0.6 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தரையில் சொட்டிய துளியால் அந்தப் பயன் இல்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் உடம்பு தொப்பலாக நனைந்தும் புழுக்கம் தீராததற்கு இதுவே காரணம். ஆகவே அடிக்கடி துடைக்காதீர்கள், கண்ணில் வழிவதை மட்டும் ஒற்றியெடுங்கள்.

இவ்வளவு செய்தும் உட்சூடு 37-லேயே நிற்காது. 38-ஐ ஒட்டி ஏறி, உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமானதும் அங்கே நிலைக்கும். பயப்பட வேண்டாம், இது காய்ச்சல் அல்ல.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினால், குழப்பம் தெரிந்தால் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

படி 5. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வியர்க்கும். அடங்கியதும் நன்றாகத் துடைத்து, முன்போலவே எடை பாருங்கள். 300 கிராம் குறைந்திருந்தால் போனது ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர். இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வியர்வைத் துளி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். வெயில் காலத்தில் தினமும் நடந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் அது முன்பைவிடச் சீக்கிரமே வந்திருக்கும். அதில் உப்பும் குறைந்திருக்கும்.