சுவரை மூடும் முன் ஃபைபருக்கு வழி விடுங்கள்: வீட்டைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டைப் புதுப்பித்தபோது சமையலறைக் கல்லிலிருந்து குளியலறைக் குழாய் வரை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். இன்டர்நெட்டுக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஹாலில் ஜன்னலோரம் இருந்த ஃபைபர் மோடத்தை உள் அறைக்கு மாற்ற வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு டெக்னீஷியன் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பைப் எங்க சார் விட்டிருக்கீங்க?" என்றார். பைப்பே இல்லை. புதுச் சுவரில் வெளியே தெரிகிற மாதிரி கிளிப் அடித்து ஒயரை இழுத்தார். கதவு இடுக்கு வழியாகத்தான் அது அறைக்குள் போக முடிந்தது. மூன்றாம் நாள் காற்றில் கதவு அறைந்து சாத்தியது, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அதிலிருந்து, தெரிந்தவர்கள் யார் வீட்டில் சுவரை இடித்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஃபைபருக்குப் பைப் போட்டாயிற்றா? ஒயரை எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாம். பைப்பைச் சுவர் திறந்திருக்கும்போதுதான் பதிக்க முடியும். ஃபைபர் இடமாற்றத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்த வரிசை மாறுவதால் வருபவை.

மற்ற பாதி, ஃபைபரைக் கரன்ட் ஒயர் போலவோ கேபிள் டிவி ஒயர் போலவோ நினைப்பதால் வருகிறது. அந்த வெள்ளை அல்லது கறுப்பு ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. ஒளி ஓடுகிற நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தெருவிலோ கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ உள்ள பெட்டியில் ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். அதில் உங்கள் பங்கு ஏற்கெனவே சின்னது. இப்படிப் பிரித்துத் தரும் முறைக்கு ஜிபான் என்று பெயர். பரவலாக உள்ள ஜிபான் மோடங்கள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு, மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு) வரையான ஒளியை வாங்கிக்கொள்ளும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 27ஐ நெருங்கினால் லைன் அடிக்கடி விழும். ஒளி எவ்வளவு குறைந்தது என்பதை டிபி கணக்கில் சொல்வார்கள், 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு மோசமான ஒட்டும், ஒவ்வொரு கூர்மையான மடிப்பும் இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கிறது.

அதனால் எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஃபைபரை வெட்டி ஒட்டும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். செம்புக் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் கரன்ட் பாயும். கண்ணாடியை அப்படிச் சேர்க்க முடியாது. அதற்கென்று உள்ள ஸ்ப்ளைசிங் மெஷினில் இரு முனைகளையும் மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அங்கே 0.1 டிபிகூட வீணாகாது. பைப் பதிப்பது எலக்ட்ரீஷியன் வேலை, இழையைத் தொடுவது இன்டர்நெட் கம்பெனி ஆள் வேலை. இந்தப் பிரிவினையை இருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உண்மையில் மாற்ற வேண்டியது ஃபைபரா?

பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இது. "ரூமில் வைஃபை வரவில்லை, அதனால் பாயின்டை மாற்ற வேண்டும்" என்பார்கள். வைஃபை வரவில்லை என்றால் மாற வேண்டியது வைஃபை. ஃபைபர் அதே இடத்தில் இருக்கலாம். மோடத்தை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து அறைகளுக்கு கேட்6 லேன் ஒயர் (இன்டர்நெட்டுக்கான செம்புக் கம்பி ஒயர்) இழுத்து, நடு வீட்டில் இன்னொரு ரவுட்டர் வைத்தால் போதும். லேன் ஒயர் 100 மீட்டர் வரை ஒழுங்காக வேலை செய்யும். நம் வீடுகளில் 20 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். லேன் ஒயரை எலக்ட்ரீஷியனே இழுக்கலாம், பின்னால் பழுதானால் பிளக்கை மாற்றலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மோடம் மாட்டியிருக்கும் சுவரையே இடிக்கிறீர்கள், அல்லது அந்த இடத்தில் அலமாரி வருகிறது என்றால் வேறு வழியில்லை, ஃபைபரை மாற்றத்தான் வேண்டும். அப்படி இல்லாதவர்களுக்கு என் யோசனை, ஃபைபரைத் தொடாதீர்கள் என்பதுதான். ஒளி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் லைனைக் கலைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

எங்கே மாற்றினாலும், ஹாலிலும் ஒவ்வொரு படுக்கையறையிலும் தலா ஒரு லேன் பாயின்ட் போட்டுவிடுங்கள். டிவி மாட்டும் சுவரில் இரண்டு. சுவர் திறந்திருக்கும்போது இதற்கு ஆகிற கூடுதல் செலவு, பின்னால் மறுபடி சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒயர் வாங்கும்போது கவனம் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர்களும் கேட்6 என்ற பெயரில் கடையில் கிடைக்கின்றன. முழுச் செம்பு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் போகும் ஒயரில் சிக்கனம் வேண்டாம்.

பைப் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் திரும்பிச் சரிசெய்ய முடியாது.

முதல் தவறு, பைப் இல்லாமல் ஃபைபரைச் சுவரில் வெட்டிய காடிக்குள் வைத்து அப்படியே சிமென்ட் பூசுவது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். அந்த இழை ஒருநாள் பழுதானால், அல்லது நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினால், அந்தச் சுவரை உடைப்பது தவிர வழியே இருக்காது. இன்று இருக்கும் இழை நிரந்தரம் என்று நினைக்காமல், நாளைக்கு அதை உருவிவிட்டு வேறொன்றை நுழைக்க இடம் விட வேண்டும்.

இரண்டாவது, கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே சேர்த்து விடுவது. ஃபைபருக்குள் ஒளிதான் போகிறது, கரன்ட்டால் அதற்கு இடைஞ்சல் வராது என்பது சரிதான். ஆனால் பல ஃபைபர் ஒயர்களில் தாங்கும் வலுவுக்காக ஒரு எஃகுக் கம்பி சேர்ந்தே வரும். கரன்ட் ஒயரின் மேலுறை எங்கோ உரிந்து அதில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அடுத்த ஆள் அதே பைப்பில் கரன்ட் ஒயரை இழுக்கும்போது இழை நசுங்கும். லேன் ஒயருக்கோ பக்கத்தில் ஓடும் கரன்ட்டால் இடைஞ்சலே வரும். ஆகவே இன்டர்நெட்டுக்குத் தனிப் பைப், கரன்ட் பைப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி.

மூன்றாவது, மூலைக்கு மூலை எல்போ (சட்டென்று திரும்பும் பைப் இணைப்பு) போடுவது. எல்போவின் திருப்பத்தில் ஒயர் ஒடியும், பிளக் வைத்த முனை உள்ளே திரும்பவே திரும்பாது. மெதுவாக வளையும் லாங் பெண்டு போடச் சொல்லுங்கள், அல்லது ஸ்பிரிங் விட்டுப் பைப்பையே வளைக்கச் சொல்லுங்கள். இரண்டு திருப்பத்துக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் இழுப்பவர் உங்களை வாழ்த்துவார். 25 மி.மீ. பைப் போட்டால் ஒன்றுக்கு இரண்டு ஒயர் தாராளமாகப் போகும். பின்னால் ஒயரைக் கட்டி இழுக்க உள்ளே நைலான் கயிறோ மெல்லிய ஜிஐ கம்பியோ விட்டு, இரு முனையையும் துணியால் அடைத்து வையுங்கள். அடைக்காமல் விட்டால் பூச்சு வேலையில் சிமென்ட் உள்ளே போய் இறுகிவிடும்.

அப்புறம், பைப் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் அழகாகப் பைப் ஓடும். வெளியே ஒயர் வருகிற இடத்தோடு அதற்குத் தொடர்பே இருக்காது. அடுக்குமாடியில் என்றால் ஒயர்கள் மேலேறும் ஷாஃப்ட் வரை, தனி வீடு என்றால் வெளிச்சுவர் வரை பைப் போக வேண்டும். வெளிச்சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்திருக்கட்டும். ஒயர் உள்ளே நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், ஒயரோடு வழிந்து உள்ளே வராது. ஐப்பசி கார்த்திகையில் இதன் அருமை தெரியும். துளையின் மிச்ச இடத்தை அடைத்துவிடுங்கள். ஒயரைக் கடிக்கிற எலிக்கும் அணிலுக்கும் அதுவே வாசல்.

வேலை நடக்கும் நாட்களில்

கம்பெனிக்கு எப்போது சொல்வது? இடிப்பதற்கு முன்பே. குறைந்தது இரண்டு வாரம் முன்னால் அழைத்து, இடமாற்றத்துக்கு என்ன கட்டணம், யார் வருவார்கள், வேலை முடியும் வரை இணைப்பை நிறுத்தி வைக்க வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள். முக்கியமாக, பழைய ஒயரோடு துண்டு சேர்ப்பார்களா, ஒளியைப் பிரிக்கும் பெட்டியிலிருந்தே புது ஒயர் இழுப்பார்களா என்று கேளுங்கள். பெட்டி அதே கட்டடத்தில் இருந்தால் புது ஒயரையே வற்புறுத்துங்கள். நடுவில் ஒட்டே இல்லாத லைன் போல நல்லது இல்லை.

இடிக்கும் நாளுக்கு முன் மோடத்தையும் அதன் அடாப்டரையும் கழற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டில் அது உடைசல் மூட்டையோடு போய்விட்டது. மோடத்தின் எண் கம்பெனியில் பதிவாகியிருக்கும், கடையில் வேறொன்று வாங்கிச் செருகினால் லைன் வராது.

கழற்றிய முனைதான் மிகவும் ஆபத்தில் இருப்பது. பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூள் வீடெங்கும் படியும். ஒளி போகும் பாதை 9 மைக்ரான் என்றேன் அல்லவா, ஒரே ஒரு தூசி அதை மறைத்துவிடும். பிளக்கைக் கழற்றிய கையோடு அதற்கான மூடியைப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மீதி ஒயரைப் பெரிய வட்டமாகச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள். காபி டம்ளரின் வாயளவுக்குக் குறைந்து சுருட்ட வேண்டாம். முனையை விரலால் தொடவோ, வாயால் ஊதவோ, சட்டையில் துடைக்கவோ கூடாது. டெக்னீஷியனிடம் அதற்கான துடைப்பான் இருக்கும். இன்னொன்று, எரிகிறதா என்று அந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதற்காகவே மூடி அவசியம்.

மறுபடி மாட்டும்போது நிறத்தைப் பாருங்கள். பச்சைப் பிளக்கின் முனை 8 டிகிரி சாய்வாகவும், நீலப் பிளக்கின் முனை சாய்வில்லாமலும் தீட்டப்பட்டவை. பச்சையை நீலத்தோடு சேர்த்தாலும் 'டக்'கென்று உட்கார்ந்துவிடும். உள்ளே முனைகள் பொருந்தாமல் ஒளியில் நிறைய வீணாகும். மோடத்தில் எந்த நிறமோ, செருகுவதும் அதே நிறம்.

புது இடம்

மோடத்தை ஷூ ரேக்குக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ மறைத்துவிட வேண்டும் என்று இன்டீரியர் செய்பவர்கள் சொல்வார்கள். மூடிய அலமாரியில் அது சூடாகும், இரும்புத் தகடும் கண்ணாடிக் கதவின் ரசப்பூச்சும் வைஃபையைத் தடுக்கும். கான்கிரீட் தூணுக்குப் பின்னாலும் அதே கதைதான். மறைக்க ஆசைப்பட்டால் மோடத்தை மட்டும் மறைத்து, வைஃபை தரும் ரவுட்டரை வெளியே, ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள்.

அந்த இடத்தில் பிளக் பாயின்ட் குறைந்தது மூன்று வேண்டும்: மோடம், ரவுட்டர், சின்ன யுபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் இந்த பாயின்டுக்கு அதன் லைனையே கொடுக்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் ஒரு சுவரிலும் ஃபைபர் பைப் எதிர்ச் சுவரிலும் முடிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். லேண்ட்லைன் போன் வைத்திருந்தால் அதன் ஒயரும் இந்த மோடத்திலிருந்துதான் போக வேண்டும், அதற்கும் ஒரு வழி விடுங்கள். சுவர்ப் பெட்டிக்குள் ஒரு மீட்டராவது ஃபைபர் சுருட்டி இருக்கட்டும். முனை ஒடிந்தால் வெட்டி மறுபடி ஒட்ட அந்த நீளம்தான் கைகொடுக்கும்.

வேலை முடிந்ததும் டெக்னீஷியனை உடனே அனுப்பிவிடாமல் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இடிப்பதற்கு முன் இருந்த எண்ணையும் குறித்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். 2 டிபிக்கு மேல் குறைந்திருந்தால் ஒட்டையும் மடிப்பையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. லேன் பாயின்ட் ஒவ்வொன்றிலும் லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் காட்டினால், எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகப் படவில்லை. எலக்ட்ரீஷியன் கணக்கு முடித்துப் போவதற்குள் கண்டுபிடித்தால் பத்து நிமிட வேலை.

பூசுவதற்கு முன், பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி மாட்ட வரும் ஆசாரிக்கு, டிரில்லை எடுப்பதற்கு முன் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.