நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்த்தேக்கம் பார்வைக்கு ஏரி மாதிரிதான் இருக்கும். ஆனால் பல இடங்களில் அது ஓர் ஊரே குடிக்கிற தண்ணீர். இதை மறந்துவிடுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது, மீன்பிடி உரிமம் இருக்கிறதே என்று நேராக உள்ளே போய்விடுவது. உரிமம் மீன் பிடிக்கத்தான். அந்த நிலத்துக்குள் கால் வைப்பதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். நியூயார்க் நகரத்தின் நீர்த்தேக்கங்களில் மாநில உரிமத்தோடு, நகர நிர்வாகம் இலவசமாகத் தரும் அனுமதிச் சீட்டும் வேண்டும். போன வருடம் திறந்திருந்த கரை இந்த வருடம் மூடியிருக்கவும் கூடும். வாசலில் உள்ள பலகையை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

அடுத்தது, "முழங்கால் வரைதானே தண்ணீரில் இறங்குகிறோம், என்ன ஆகிவிடப் போகிறது" என்ற நினைப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு ஒட்டுண்ணி உண்டு. வயிற்றுப்போக்கு கண்டவரின் உடலிலிருந்து தண்ணீரில் கலக்கும். சரியான அளவு குளோரின் போட்ட நீச்சல் குளத்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் இது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிக் குழாய்த் தண்ணீரில் வந்து, சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. கலிபோர்னியாவில் குடிநீர் நீர்த்தேக்கங்களில் உடல் படக்கூடாது என்று சட்டமே இருக்கிறது; சில நீர்த்தேக்கங்களுக்கு மட்டும் விலக்கு.

'உடல் படுவது' என்றால் எதுவரை என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் நீச்சலுக்கு மட்டும் தடை. மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்போடு இறங்கலாம். வேறு இடங்களில் அதுவும் கூடாது, மிதவை வளையமும் கூடாது. நாம் கவனமாக இருந்தாலும் கூட வந்த குழந்தை காலை நனைத்துவிடும், நாய் குதித்துவிடும். விதி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

படகு, வலை, காலணி இவற்றை ஈரத்தோடு அடுத்த நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோவது இன்னொரு பெரிய தவறு. வரிச்சிப்பி (zebra mussel) என்றொரு சிறிய நன்னீர்ச் சிப்பி உண்டு. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் போதும். வளர்ந்த பிறகு குழாய்களுக்குள் அப்பிக்கொண்டு அடைத்துவிடும். கழுவி, வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே எடுத்துப் போங்கள். உயிர் இரை வைத்திருந்த தண்ணீரைக் கரைமேட்டில் ஊற்றுங்கள், நீர்த்தேக்கத்தில் வேண்டாம்.

அப்புறம், மதகுக்கும் கலிங்குக்கும் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) பக்கத்தில் கட்டியிருக்கும் மிதவைக் கோடு. அதைத் தாண்டினால் மீன் அதிகம் என்று சொல்பவர்கள் எங்கும் உண்டு. மேலே தண்ணீர் அசையாமல் தெரியும். அடியில் மதகு இழுத்துக்கொண்டிருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் முள் மாட்டிக்கொண்டால் இறங்கி எடுக்கப் பார்க்காதீர்கள். இழுத்த வரைக்கும் இழுத்துவிட்டு தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள்.