பழைய கேமரா விற்கும் முன்: கண்ணுக்குத் தெரியாத பழுதைத் தேடிப் பார்த்துச் சொல்வது எப்படி

"எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, மேலே லேசான கீறல்தான்." பழைய கேமரா விளம்பரங்களில் அடிக்கடி வரும் வரி இது. கீறல் வாங்குபவரின் கண்ணுக்கே தெரிந்துவிடும். நீங்கள் சொல்ல வேண்டியது அவர் கண்ணுக்கு எட்டாதது: லென்ஸுக்குள் படர்ந்த பூஞ்சை, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் நிரந்தரமாகிவிட்ட கோடு, பத்து முறைக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இவற்றில் பெரும்பாலானதைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்காமல் "எனக்குத் தெரிந்து பழுதில்லை" என்று எழுதுவதை நேர்மைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேண்டியவை: சிறிய எல்இடி டார்ச், தூசி ஊதும் ரப்பர் பம்ப், முக்காலி, முழுக்கச் சார்ஜ் செய்த பேட்டரி, காலி மெமரி கார்டு.

லென்ஸிலிருந்து தொடங்குங்கள். அதைக் கழற்றி, முன் பின் மூடிகளை எடுத்துவிட்டு, அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து வையுங்கள். நிக்கானின் ஜி வகை லென்ஸ்கள் கழற்றியதும் மூடிக்கொள்ளும். பின்புறத்தில் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். அறையை இருட்டாக்கிவிட்டுப் பின்பக்கமாக டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஒளி கண்ணுக்குள் நேராகப் பாயக் கூடாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மெல்ல வட்டமாக நகர்த்தினால்தான் உள்ளே இருப்பது வெளிச்சமாகத் தெரியும். பிறகு லென்ஸைத் திருப்பி அதையே செய்யுங்கள்.

தனித்தனிப் புள்ளிகளாக மின்னுவது தூசி. பழகிய லென்ஸ் எதிலும் அது இருக்கும், படத்தைக் கெடுக்காது. அரை வரியில் சொன்னால் போதும். ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் பரவும் மெல்லிய நூல்கள், சிலந்தி வலை போலவோ புல்வேர் போலவோ இருந்தால், பூஞ்சை. மூச்சுவிட்ட கண்ணாடி போல ஒரே சீராகப் பால்நிறத்தில் மங்கியிருந்தால் உட்புறப் புகைமூட்டம். தண்ணீரில் எண்ணெய் சிந்தியது போல வானவில் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே வந்தால், ஒட்டிவைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் பசை பிரிகிறது என்று அர்த்தம். அது சாதாரணச் சுத்தத்தில் போகாது.

இவற்றில் புகைமூட்டத்தைத்தான் மறைப்பது சுலபம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்த படம் பளிச்சென்றே இருக்கும். விளக்கோ சூரியனோ சட்டகத்துக்குச் சற்று வெளியே இருக்கும்போது எடுத்துப் பாருங்கள். கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்துப்போகும். அந்தப் படத்தை விளம்பரத்தில் போடாமல் நல்ல படத்தை மட்டும் போட்டால், எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் ஏமாற்றியதுதான்.

பூஞ்சை இருந்து துடைத்த லென்ஸ் என்றால் அதையும் சொல்லுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் வைத்தால் மறுபடி வளரவும் செய்யும். வாங்குபவர் இதைத் தன்னுடைய மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கப் போகிறவர். முன்கூட்டியே தெரிந்தால் தனியாக வைத்துக் கவனிப்பார்.

அடுத்து, அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்கள். இதழில் எண்ணெய் கசிந்திருந்தால் பளபளவென்று ஈரமாகத் தெரியும். எண்ணெய் ஒட்டிய இதழ் மூடத் தாமதிக்கும், படம் வெளுக்கும். மேனுவல் முறையில் எஃப்/16 (சிறிய துளை) வைத்து, ஒரே சுவரைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் படம் மட்டும் வெளுத்திருந்தாலும் அது பழுதுதான். ஜூம் லென்ஸானால் அகலக் கோணத்திலிருந்து கடைசி வரை நாலைந்து இடங்களில் நிறுத்தி இதையே செய்யுங்கள். கேனான் இஎஃப்-எஸ் 17-85 மி.மீ. போன்ற லென்ஸ்களில் அபெர்ச்சருக்குப் போகும் மெல்லிய பட்டை கேபிள் மடங்கி மடங்கி விரிசல் விடும். ஒரு கோணத்தில் ஒழுங்காக எடுக்கும், இன்னொன்றில் பிழை எண் காட்டி நின்றுவிடும்.

லென்ஸ் கீழே விழுந்திருந்தால் வெளியே சொட்டை இல்லாமலேயே உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். முக்காலியில் வைத்து, தூரத்தில் உள்ள ஒரே பொருளைச் சட்டகத்தின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய், முழுத் திறப்பில் ஒவ்வொரு படம் எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் மையம் விலகியிருக்கிறது.

கேமரா உடலில் முதல் சோதனை சென்சார். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எஃப்/16-இல், ஃபோகஸை வேண்டுமென்றே தவறவிட்டு எடுங்கள். தெரியும் புள்ளிகளை ரப்பர் பம்பால் ஊதிவிட்டு மறுபடி எடுங்கள். முறையாகச் சுத்தம் செய்த பிறகும் அதே இடத்தில் நிற்பது தூசியாக இருக்காது, மேல்கண்ணாடியில் விழுந்த கீறலாக இருக்கலாம். அடுத்து மூடி போட்டபடி 30 விநாடி எக்ஸ்போஷர். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனை முதலில் அணைத்துவிடுங்கள். அது சூடான பிக்சல்களை, அதாவது ஒளி படாமலே மின்னும் புள்ளிகளை, தானாக அழித்துவிடும். சிதறிய சில புள்ளிகள் எல்லாக் கேமராவிலும் வரும். குறுக்கே ஓடும் நிறக்கோடு வந்தால் கதை வேறு. மேடை நிகழ்ச்சிகளில் லேசர் நேராகச் சென்சாரில் பட்டால் இப்படி ஆவதுண்டு.

ஷட்டர் எண்ணிக்கையை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை) "குறைவு" என்று எழுதாமல் எண்ணாகவே எழுதுங்கள். நிக்கான், பென்டாக்ஸ் படக்கோப்புகளில் அந்த எண் பதிந்திருக்கும். கேனானின் பல மாடல்களில் யூஎஸ்பி வழியாக இணைத்துத் தனி மென்பொருளால்தான் எடுக்க முடியும். ஷட்டர் அசையாமல் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்கள் இந்தக் கணக்கில் சேராமல் போகலாம் என்பதால், வீடியோவுக்கு அதிகம் பயன்பட்ட கேமரா என்றால் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மாடலுக்கே உரிய பழுதுகளைத் தெரியாததுபோல் விட்டுவிடக் கூடாது. 2012-இல் வந்த நிக்கான் டி600-இன் சென்சாரில் கரும்புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன; 2014-இல் நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தது. அப்படிப்பட்ட மாடலை விற்பவர், தன் கேமராவுக்கு அந்த வேலை நடந்ததா இல்லையா என்று எழுதியாக வேண்டும்.

ஃபிலிம் கேமராவில் பின்கதவின் நுரைப்பட்டையைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் வெளிச்சம் கசியும். 1 விநாடி, 1/2 விநாடி வேகங்களில் ஷட்டர் பாதியில் சிக்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பேட்டரி அறையில் பச்சைப் பூப்பு (அரிப்பு) இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

வந்து வந்து போகும் பிழைதான் விற்பவரின் மனதை அதிகம் சோதிக்கும். இன்று வரவில்லை, அதனால் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பழுது பார்க்காமல் தானாக நின்ற பிழை திரும்பி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, எந்த லென்ஸ், எந்த கார்டு, அணைத்துப் போட்டதும் போனதா, கடைசியாக எந்த மாதம் என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பு பழுதுபார்ப்பவருக்கும் பாதி வேலையை மிச்சமாக்கும்.

எழுதும்போது பழுது எங்கே, எவ்வளவு, படத்தில் என்ன தெரிகிறது என்ற மூன்றும் வரட்டும். "கண்ணாடியில் லேசான அடையாளம்" என்பதில் எதுவுமே இல்லை. இப்படி எழுதுங்கள்: "முன்பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே, 4 மணி முள் இருக்கும் திசையில், ஓரத்தை ஒட்டி சுமார் 3 மி.மீ. நீளத்தில் இரண்டு பூஞ்சை இழைகள். விளக்கை எதிர்த்து எடுத்தால் ஒளி சற்றுப் பரவுகிறது. மற்றப் படங்களில் வித்தியாசம் தெரியவில்லை. டார்ச் படம் ஒன்றும் மாதிரிப் படம் இரண்டும் கீழே." சோதிக்க முடியாதது இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்: "ஃபிளாஷ் என்னிடம் இல்லை, அதனால் ஹாட் ஷூவைச் சோதிக்கவில்லை."

இதையெல்லாம் விலை பேசும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேசி முடித்து, பொதி கட்டும்போது புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் அனுப்பாமல் நிறுத்தி, தெரிவித்து, விலகிக்கொள்ளும் வாய்ப்பை அவருக்குத் தாருங்கள். சீரியல் எண் தெரியும்படி ஒரு படமும், அனுப்புவதற்கு முன் கடைசியாக எடுத்த சோதனைக் கோப்புகளும் உங்களிடம் இருக்கட்டும். பொருள் கைக்குப் போன பிறகு "இந்த மூலை மங்குகிறது" என்று அவர் சொன்னால், அதே சோதனையை அதே முறையில் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழியில் அடிபட்டதா, நீங்கள் கவனிக்கத் தவறியதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.