வேதியியலின் ஆங்கிலச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் அறிந்து ஒலிக்கும் முறை

அம்மோனியா என்ற பெயரை எண்ணூரிலும் மணலியிலும் அறியாதவர் இல்லை. 2023 டிசம்பரில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்த இரவுக்குப் பின் சிறுவர்களுக்கும் தெரிந்த சொல்லாயிற்று. தமிழில் ‘அம்’ என்று முதலசையை ஊன்றித் தொடங்குகிறோம். ஆங்கிலத்திலோ அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது: அ-ˈமோ-னி-ய. அகராதிகளில் உள்ளதுபோல, மேற்குறிக்கு அடுத்து நிற்கும் அசையே அழுத்தம் பெறும். மணலி ஆலைகளில் பயிற்சிக்கும் நேர்முகத் தேர்வுக்கும் செல்லவிருக்கும் பட்டயப் படிப்பு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: எழுத்துகளை எண்ணாமல் உயிரொலிகளை எண்ணுங்கள். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. யாப்பில் ‘கட’ என்பதை ஒரே நிரையசையாகக் கொள்ளும் பழக்கம் இங்கே உதவாது. குளோரைடு எனத் தமிழில் எழுதினால் நான்கு உயிரொலிகள் உள்ளன. நாம் சேர்த்துக்கொண்ட இரண்டு உகரங்களையும் நீக்கினால் ˈக்ளோ-ரைட் என இரண்டே அசைகள் எஞ்சும்.

இரண்டாம் படி: சொல்லின் ஈற்றைப் பாருங்கள். நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடச் சில ஈறுகளை நன்கு அறிவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ‘இயம்’ என முடியும் தனிமப் பெயர்களில் அந்த ஈற்றுக்கு முந்தைய அசையே அழுத்தம் பெறும்: ˈசோ-டி-யம், பொ-ˈடா-சி-யம், அ-லு-ˈமி-னி-யம். அமெரிக்கர்கள் அலுமினியத்தின் எழுத்துக்கூட்டலிலேயே ஓர் உயிரைக் குறைத்து, அ-ˈலு-மி-னம் என்கிறார்கள். ‘இக்’ ஈறும் தனக்கு முந்தைய அசைக்கே அழுத்தத்தை இழுக்கும் என்பதால், ˈமெ-டல் என்பது மெ-ˈடா-லிக் ஆகிறது. ஆர்செனிக் மட்டும் கவனத்துக்குரியது: தனிமத்தின் பெயராக வரும்போது முதலசையிலும், ஆர்செனிக் அமிலம் என அடைமொழியாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் நிற்கும். ‘ஏட்’ என முடியும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அசைச் சொற்களில் பொதுவாகக் கடைசியிலிருந்து மூன்றாவதை அழுத்துங்கள்: ˈகார்-ப-னேட், பெர்-ˈமாங்-க-னேட்.

ஒரே குடும்பச் சொற்களை அடுத்தடுத்து வாய்விட்டுச் சொன்னால் அழுத்தம் இடம் மாறுவது காதுக்கே தெரியும்: இ-ˈலெக்-ட்ரோ-லைட், இ-லெக்-ˈட்ரா-லி-சிஸ், இ-லெக்-ட்ரோ-ˈலி-டிக்.

மூன்றாம் படி: அழுத்தமில்லாத அசைகளைத் தளர்த்துங்கள். அழுத்தம் பெறும் அசை சற்று நீண்டு, உரத்து, உயர்ந்த சுருதியில் ஒலிக்க வேண்டும். மற்றவற்றில் பல, வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் மங்கிய அகரமாகக் குறுக வேண்டும். மெ-டல் என்பதன் இரண்டாம் அசை அப்படி மங்கியே ஒலிக்கும். மெ-டா-லிக் என்னும்போதுதான் அதன் உயிர் முழுமையாகத் திறக்கும்.