கூடத்தில் கோலமாவால் போட்ட சமையல்கட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டு 10 அடிக்கு 8 அடி. பழைய மேடையை இடிக்க மேஸ்திரி வருவதற்கு நாலு நாள் முன்னால், கூடத்துத் தரையில் அதே அளவைக் கோலமாவால் போட்டேன். மேடை, சிங்க், அடுப்பு, பின்கதவு எல்லாம் கோடுகள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஓர் அரைவட்டம். அதற்குள் நின்று வெறுங்கையால் ஒரு நாள் சமையலைச் செய்து பார்த்தேன். பருப்பு எடுக்க எங்கே போகிறேன், எங்கே அரிசி களைகிறேன், எங்கே கஞ்சி வடிக்கிறேன்?

முதல் கோலத்திலேயே தப்பு தெரிந்துவிட்டது. கொதிக்கும் சோற்றுப் பானையோடு பின்கதவு வழியைக் கடந்துதான் சிங்குக்குப் போக முடிந்தது. பேரப்பிள்ளைகள் ஓடுகிற வழி அது. அழித்துவிட்டு, அடுப்பும் சிங்கும் 'ட' மாதிரி திரும்பும் ஒரே மேடையில் வரும்படி போட்டேன். இரண்டுக்கும் நடுவே இரண்டரை அடி, காய் நறுக்க. கஞ்சி வடிக்க இப்போது திரும்பினால் போதும். நீங்களும் சுவரில் கைவைக்கும் முன் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு படி கோலமாவு.

அடுத்தது உயரம். இதில் யார் சொல்வதையும் கேட்காதீர்கள். "எல்லா வீட்லயும் 34 இஞ்ச்தாம்மா வைப்போம்" என்றார் மேஸ்திரி. "அண்ணே, சமைக்கப் போறது நான். என் கையை அளந்து வைங்க" என்றேன். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் நறுக்கும் மேடையின் உயரம். எனக்கு 37 வந்தது, மேடையை 32-இல் வைத்தோம். அடுப்பு தானே அரை அடி உயரம், அதன்மேல் குண்டான் வேறு. அதனால் அடுப்புப் பகுதியை மட்டும் 29-க்கு இறக்கினோம். பழைய மேடையில் பதினெட்டு வருஷம் தோளைத் தூக்கிக்கொண்டே கிண்டியவள் நான். அந்த 3 அங்குலத்தின் அருமை வலித்த தோளுக்குத்தான் தெரியும்.

உயரம் முடிவானதும் சிலிண்டரை நினையுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 25 அங்குலம் உயரம், அதன்மேல் ரெகுலேட்டரைத் திருகக் கை நுழைய வேண்டும். 29 அங்குல மேடைக்கடியில் அது இடிக்கும். அதனால் பக்கத்து 32 அங்குலப் பகுதிக்கடியில் வைத்தோம். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவருக்குள் மறைக்கவும் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே சிலிண்டர் அறைக்கு அழகான மூடுகதவு வேண்டாம். கம்பிக் கதவு போடுங்கள், வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரமும் விடுங்கள்.

எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவரில் வைத்தால் தாளித்த புகை திரும்ப முகத்துக்கே வரும். நாங்கள் தெற்கில் வைத்தோம். கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்று அத்தை சொன்னதால் அடுப்பு கிழக்கில்தான். ஆனால் ஜன்னலை அடுப்புக்கு நேரே வைக்காமல் இரண்டடி தள்ளி வைத்தோம். நேரே இருந்தால் தீ நிற்காது.

மீன் வாங்குகிற வீடு என்றால் உள் சிங்கை மட்டும் நம்பாதீர்கள். முதுநகர் துறைமுகத்திலிருந்து சங்கராவோ நெத்திலியோ வந்தால் ஆய்வதற்குப் பின்பக்கம் ஒரு கடப்பாக்கல், ஒரு குழாய், மண்ணை நோக்கிச் சரிந்த தளம். அத்தை இன்றும் அரிவாள்மணையில் உட்கார்ந்துதான் ஆய்வார். அதற்காகவே மூன்றடி இடத்தை வெறுமையாக விட்டேன். அம்மியையும் அங்கேயே வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று கைகொடுத்தது அம்மிதான்.

அலமாரிக்கு வருகிறேன். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த மாடுலர் இந்த உப்புக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்காது. ஓரம் ஊறி உப்பிவிடும், கீல் துருப்பிடிக்கும். செங்கல் கட்டி, கடப்பாக்கல் தட்டு பதித்து, கதவு மட்டும் போட்டுக்கொண்டால் கரையானுக்கும் பயமில்லை. பலகைதான் வேண்டுமென்றால், ஈரம் தாங்கும் வகை என்று காட்டும் IS 710 முத்திரையுள்ள ப்ளைவுட் கேளுங்கள். கீல், கூடை எல்லாம் எளிதில் துருப்பிடிக்காத 304 தர எவர்சில்வராக இருக்கட்டும்.

கிரைண்டரைத் தூக்கி வைத்து இறக்குவது முதுகுக்கு ஆகாது. சிங்க் பக்கத்திலேயே, மற்ற மேடையைவிடத் தாழ்வாக, அதற்கென்று ஒரு திட்டு கட்டுங்கள். குழவியை எடுத்து அப்படியே கழுவலாம். பிளக்குகள் மேடைக்கு மேலே ஓரடியில், சிங்கிலிருந்து தள்ளி. இண்டக்ஷனுக்கும் ஓவனுக்கும் 16 ஆம்பியர் தனி லைன். கிரானைட் ஓரத்தின் அடிப்பக்கம் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள்; வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவுக்குப் போகாது.

பூச்சுக்கு முந்தின நாள், குழாயும் ஒயரும் போகும் ஒவ்வொரு சுவரையும் டேப்பை நீட்டிப் பிடித்து போனில் படம் எடுத்து வையுங்கள். கரண்டி ஸ்டாண்டுக்கு டிரில் போட வந்த பையனிடம் அந்தப் படத்தைத்தான் காட்டினேன். தண்ணீர்க் குழாய்க்கு நாலு விரல் தள்ளிப் போட்டான்.