அம்மோனைட் புதைபடிவத்தை அடையாளம் காண்பது எப்படி?

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினம். அதைப் போன்ற சுருள் வடிவக் கல் ஒன்று கையில் கிடைத்ததும் வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யப் பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் பெரும்பாலும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் இருக்கும். அமிலம் பட்டால் கரைந்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டாலே போதும்.

அடுத்து, சுருளின் வெளி விளிம்பு உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? நத்தை ஓடு பெரும்பாலும் ஒரு பக்கமாகக் கூம்பி எழும். அம்மோனைட்டோ வழக்கமாகச் சுருட்டி வைத்த கயிறு போல ஒரே தளத்தில் சுற்றும். எகிப்தியக் கடவுள் அம்மோனின் கடாக்கொம்பை நினைவூட்டியதால்தான் இந்தப் பெயரே வந்தது.

இனி வருவதை அவசரப்படாமல் செய்யுங்கள். மேலே தடித்துத் தெரியும் விலா வரிகளை ஓட்டின் உள்ளறைகளின் எல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவை ஓட்டின் புற அலங்காரம். ஓடு உதிர்ந்து, உள்ளே புகுந்து இறுகிய சேற்றின் அச்சு மட்டும் மிஞ்சிய இடத்தைத் தேடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, 10 மடங்கு லென்ஸ் வழியாகப் பாருங்கள். பெரணி இலையின் ஓரம் போலக் கிளைகிளையாகப் பிரியும் மெல்லிய கோடு தெரியும். அறைத் தடுப்பு ஓட்டோடு ஒட்டிய தையல் கோடு அது. இவ்வளவு நுட்பமான கோடு என்றால் பெரும்பாலும் டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் அல்லது கிரெட்டேசியஸ் காலம். உள்நோக்கிய வளைவுகளில் மட்டும் ரம்பப் பற்கள் இருந்தால் அதற்கு முந்தைய டிரயாசிக் காலமாக இருக்கலாம். பற்களே இல்லாத வெறும் வளைவுகள் அதற்கும் முந்தைய டெவோனியன் முதல் பெர்மியன் காலம் வரையிலான மூத்த உறவினர்களைக் காட்டும்.

கோடுகள் நின்றுபோகும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து வாய் வரை உள்ள கடைசி அறையில்தான் அந்த உயிர் குடியிருந்தது. பின்னால் உள்ளவை மிதப்பதற்கான அறைகள். எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் இடம் இதுதான். இந்த இனம் முழுவதும் அழிந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கல் உடைந்திருந்தால் குறுக்குவெட்டையும் பாருங்கள். அறைகளை இணைத்த குழாயின் வட்டத் தடம் வெளி விளிம்பை ஒட்டியிருந்தால் அம்மோனைட்; நடுப்பகுதியில் இருந்தால், இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரான நாட்டிலஸின் வகையாக இருக்கலாம்.

கடைசியாக, கிடைத்த இடத்தையும் பாறை அடுக்கையும் அன்றே சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அம்மோனைட்டுகள் வேகமாக உருமாறிக் கடல்தோறும் பரவியதால்தான் அவற்றைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கிறார்கள். பித்தளை போல் மின்னினால் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு கனிமமாக இருக்கலாம். ஈரம் படாத பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் பொடியாகிவிடும்.