கிளாஸ்ல ப்ராஜெக்ட்டுக்கு நோட்ஸ் எடுக்க கூகுள் கீப்: முதல்ல இருந்து பாக்கலாம்

பசங்க கிட்ட "ஒரு தலைப்பு எடுத்து தேடிட்டு வாங்க"ன்னு சொன்னா என்ன நடக்கும்னு டீச்சரா இருக்குற எல்லாருக்கும் தெரியும், முதல்ல வர்ற பக்கத்தை அப்படியே காப்பி பண்ணி பிரிண்ட் போட்டு ஸ்டேப்ளர் அடிச்சு கொண்டு வந்துருவாங்க. எங்கிருந்து எடுத்தேன்னு கேட்டா "கூகுள்ல சார்". இதை நிறுத்தத்தான் நான் கூகுள் கீப்புக்கு மாறினேன், சின்னச் சின்னதா குறிப்பு எழுதி வெச்சுக்குற கூகுளோட ஆப் அது. இலவசம், ஜிமெயில் இருந்தா போதும். 13 வயசு ஆகாத பசங்க தனியா அக்கவுண்ட் திறக்க முடியாது, அதனால ஏழாவது வரைக்கும் உங்க அக்கவுண்ட்லயே, உங்க கண் முன்னாடியே செய்ய வைங்க.

ஸ்டெப் 1: கம்ப்யூட்டர்ல ஜிமெயில் திறந்தா வலது ஓரத்துல மஞ்சள் கலர்ல ஒரு பல்பு படம் இருக்கும், அதான் கீப். போன்னா ஆப் போட்டுக்கோங்க. தமிழ்ல டைப் பண்ண ஜிபோர்டுல (போன்ல போடுற கூகுள் கீபோர்டு) தமிழ் சேத்துக்கிட்டா பேசியும் எழுதலாம், ஆனா ஊர் பேரையும் வருஷத்தையும் அது தப்பா கேட்டுக்கும், பசங்க திரும்ப படிச்சே ஆகணும்.

ஸ்டெப் 2: இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் பட்டன் தட்டுற வேலை. ஒரு நோட்டுக்கு ஒரே ஒரு விஷயம். தலைப்புல அந்த விஷயம், கீழ சொந்த வார்த்தைல ரெண்டு மூணு வரி, கடைசி வரில எங்க படிச்சேன், அது எந்த வருஷம் எழுதினது.

வருஷம் எதுக்குன்னு பசங்க கேப்பாங்க. ஒன்பதாவதுல ஒரு குரூப்புக்கு கீழடி குடுத்திருந்தேன். ஒரு பொண்ணு 2,200 வருஷம் பழசுன்னு எழுதியிருந்தா, பக்கத்து பையன் 2,600ன்னு எழுதியிருந்தான், ரெண்டு பேருக்கும் சண்டை. நோட்டோட கடைசி வரியை பாருங்கன்னு சொன்னேன். அவ படிச்சது 2017 செய்தி, மத்திய தொல்லியல் துறை தோண்டினப்போ கிடைச்ச ரெண்டு கரி மாதிரியோட வயசை சோதிச்சு வந்த ரிசல்ட். அவன் படிச்சது 2019ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையைப் பத்தினது, அதுல 353 செ.மீ. ஆழத்துல எடுத்த மாதிரிக்கு கி.மு. 580ன்னு வந்திருந்துச்சு. மாதிரி வேற, ஆழம் வேற, அதனால வயசும் வேற, ரெண்டு பேருமே தப்பா எழுதல. அன்னிக்கு அந்த குரூப்பு கத்துக்கிட்டதை நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது.

ஸ்டெப் 3: லேபிள், அதாவது ஒரே வகை நோட்டையெல்லாம் சேத்து தேட வைக்குற பேரு. நோட்டுக்குள்ளயே # போட்டு ஒட்டி ஒரு வார்த்தை அடிச்சா லேபிள் ஆயிடும். #காலம் #பானை #எழுத்து இப்படி நாலஞ்சு போதும், இருபது வெச்சா லேபிள் தேடவே ஒரு பீரியட் போயிடும். அப்புறம் நோட்டை ஷேர் பண்ணினா லேபிளும் கலரும் அடுத்தவங்களுக்கு போகாது, அவங்க அவங்க தனியா போட்டுக்கணும். இது தெரியாம நான் ஒரு நாள் முழுக்க மண்டைய உடைச்சுக்கிட்டேன்.

ஸ்டெப் 4: ஷேர். நோட்டுக்கு கீழ ஆள் படம் போட்டு பக்கத்துல ப்ளஸ் இருக்கும், அதை தட்டி கூட்டாளியோட மெயில் ஐடி குடுங்க. ஒண்ணு சொல்றேன் கவனமா கேளுங்க, நோட்டை உருவாக்கினவங்க டெலிட் பண்ணினா எல்லாருக்கும் போயிடும். அழிச்சது போய் சேர்ற டிராஷ்ல 7 நாள்தான் இருக்கும். எங்க கிளாஸ்ல ஒரு பையன் போன்ல இடம் பத்தலன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு பரீட்சை லீவுக்கு ஊருக்கு போயிட்டான், திரும்பி வந்து பாத்தா பதினோரு நோட்டு காலி. அவன் அம்மா வேற போன் பண்ணி "எப்படியாவது எடுத்துக் குடுங்க சார்"னு கேக்குறாங்க, நான் என்ன பண்ண.

அதனால ஸ்டெப் 5ஐ வெள்ளிக்கிழமை தோறும் செய்ய வைங்க. கம்ப்யூட்டர்ல வேணும்ங்குற நோட்டையெல்லாம் டிக் பண்ணி மேல மூணு புள்ளியை தட்டினா கூகுள் டாக்ஸுக்கு (கூகுளோட கட்டுரை டைப் பண்ற இடம்) காப்பி பண்ற வசதி இருக்கும், எல்லாம் ஒரே டாக்குமெண்ட்டா போயிடும். பேக்கப்பும் ஆச்சு, கட்டுரைக்கு முதல் டிராஃப்ட்டும் ஆச்சு. அங்க போய் நோட்டுகளை மேல கீழ நகர்த்தி வரிசைப்படுத்துறதுதான் பசங்களுக்கு ரொம்ப பிடிச்ச வேலை.

லைப்ரரி புத்தகத்துல இருந்து எடுக்கணும்னா பக்கத்தை போட்டோ எடுத்து கூகுள் டிரைவ்ல (கூகுள்ல ஃபைல் சேமிக்குற இடம்) ஏத்தி டாக்ஸ்ல திறங்க, தமிழ் அச்சு எழுத்தையே டைப் பண்ணின மாதிரி மாத்திக் குடுக்கும். கொஞ்சம் பிழை வரும். அதையும் அப்படியே ஒட்ட விடாதீங்க, ரெண்டு வரில சொந்தமா எழுதினாத்தான் நோட்டுன்னு கணக்கு, எங்க கிளாஸ்ல மார்க்கும் அதுக்குத்தான்.